யோகா வகுப்பா, ரிலீவர் நர்ஸா? சோர்ந்துபோன மருத்துவமனை எதை முதலில் செய்ய வேண்டும்

“வேலை பிடிக்காம போகல மேடம். ஒரு மாசம் தூங்கணும், அவ்வளவுதான்.”

போன வருடம் ராஜினாமா கடிதத்தை என் மேசையில் வைத்துவிட்டு ஒரு நர்ஸ் சொன்னது இது. 24 வயது. ஐ.சி.யு.வில் மூன்று வருடம் வேலை பார்த்தவள். வென்டிலேட்டர் அலாரம் அடித்தால் டாக்டர் வருவதற்குள் பாதி வேலையை முடித்து வைத்திருப்பாள்.

மாவட்டத் தலைநகர் ஒன்றில், 120 படுக்கை உள்ள தனியார் மருத்துவமனையில் நான் நர்சிங் சூப்பரின்டென்டென்ட். அந்த ஆறு மாதத்தில் அவளோடு சேர்த்து ஒன்பது நர்ஸ்களும் இரண்டு டியூட்டி டாக்டர்களும் கிளம்பிப் போயிருந்தார்கள். நிர்வாகம் கவலைப்பட்டது. வருடத்துக்கு 15 லட்சம் ரூபாய் ஊழியர் நலனுக்கு என்று ஒதுக்கி, எதில் போடலாம் என்று எங்களிடமே கேட்டது. யோகா, தியான வகுப்பு என்றார் ஒருவர். கவுன்சிலர் ஒருவரை வைக்கலாம் என்றார் இன்னொருவர். விடுப்பில் போகிறவர்களுக்குப் பதிலாக வேலை பார்க்கும் ரிலீவர் நர்ஸ்களை எடுக்க வேண்டும் என்றேன் நான். எழுத்து வேலையைக் குறையுங்கள் என்றார்கள் வார்டு இன்சார்ஜ்கள். பாதுகாப்புக்கு ஆள் போடுங்கள் என்றார் காஷுவாலிட்டி டாக்டர். ஐந்துமே நியாயமான யோசனைகள். 15 லட்சத்தில் ஐந்தையும் முழுசாகச் செய்ய முடியாது. அதனால் ஒவ்வொன்றையும் எடைபோட வேண்டியிருந்தது. எங்களைப் போன்ற மருத்துவமனைகள் நிறைய இருக்கின்றன. அவர்களுக்கும் உதவும் என்பதால் அந்தக் கணக்கை இங்கே எழுதுகிறேன்.

முதலில், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். பணிச்சோர்வு. ஆங்கிலத்தில் பர்ன்அவுட் என்கிறார்கள். 1974-ல் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர், நியூயார்க்கில் இலவச கிளினிக்கில் வேலை பார்த்தவர்களிடம் கண்டதை அந்தச் சொல்லால் எழுதினார். பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற இன்னொரு உளவியலாளர் அதை அளக்க ஒரு கேள்வித்தாளை உருவாக்கினார். அவர் பார்த்தது மூன்று விஷயங்கள்: மனசு வற்றிப்போவது, நோயாளியை ஆளாகப் பார்க்காமல் போவது, நான் செய்வதால் எந்தப் பயனும் இல்லை என்று தோன்றுவது. இரண்டாவதை எந்த வார்டிலும் காதால் கேட்கலாம். “முருகேசன் ஐயாவுக்கு வலி” என்று சொல்லிக்கொண்டிருந்த நர்ஸ், கொஞ்ச நாளில் “12-ஆம் பெட் கத்துது” என்பாள். அவள் கெட்டவளாகிவிடவில்லை. தாங்கும் அளவு முடிந்துவிட்டது.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தன் நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில் பணிச்சோர்வை விளக்கியபோது, அதை நோய் என்று சொல்லவில்லை. வேலையிடத்தில் நீண்ட காலம் இருந்து, சரியாகக் கையாளப்படாத அழுத்தத்தால் வருவது என்று சொன்னது. எனக்கு இந்த வரி முக்கியம். காரணம் வேலையிடத்தில் இருக்கிறது என்றால் வைத்தியத்தையும் அங்கேதான் தொடங்க வேண்டும்.

அதனால் ஒவ்வொரு யோசனைக்கும் ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டேன்: இது ஊழியரின் நேரத்தை எடுக்கிறதா, கொடுக்கிறதா?

யோகா, தியானம்

இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. மூச்சுப்பயிற்சியால் தூக்கம் திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். 2016-ல் லான்செட் இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, தனிநபருக்கான பயிற்சிகள், நிறுவன அளவிலான மாற்றங்கள் இரண்டையும் சேர்த்துப் பார்த்தது. மொத்தத்தில் டாக்டர்களிடையே பணிச்சோர்வு 54 சதவீதத்திலிருந்து 44 சதவீதமாகக் குறைந்தது; இரண்டு வகைக்கும் பலன் உண்டு என்றது அந்த ஆய்வு. ஆனால் அடுத்த வருடமே மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் இரண்டையும் தனித்தனியாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். டாக்டருக்குப் பயிற்சி கொடுப்பதைவிட, வேலை நேரம், வேலைமுறை போன்றவற்றை நிறுவனம் மாற்றியபோது பலன் தெளிவாகப் பெரிதாக இருந்தது. 2024-ல் பிரிட்டனில், மருத்துவமனைகள் மட்டுமல்லாமல் எல்லாத் துறைகளையும் சேர்த்து 233 நிறுவனங்களின் 46,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களின் தகவலைப் பார்த்த ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர் ஒருவருக்கு, தியானச் செயலி, மனஉறுதிப் பயிற்சி போன்றவற்றில் கலந்துகொண்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாக இருந்ததாகத் தெரியவில்லை.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் சனிக்கிழமை காலை 8 மணிக்கு யோகா வகுப்பு வைத்தார்கள். வருகைப் பதிவு கட்டாயம். நைட் டியூட்டி முடித்து, ஹேண்ட்ஓவர் கொடுத்துவிட்டு வந்த பெண்கள் சவாசனத்தில் படுத்ததும் அப்படியே தூங்கிப்போனார்கள். சொல்லிக்கொடுக்க வந்த அம்மா நல்லவர், எழுப்பவில்லை. அவர்கள் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போயிருந்தால் அதே தூக்கம் சொந்தப் பாயில் கிடைத்திருக்கும்.

ஆக, வகுப்பு வைப்பதென்றால் அது டியூட்டி நேரத்துக்குள் இருக்க வேண்டும், சம்பளத்தோடு இருக்க வேண்டும், விருப்பமுள்ளவர்கள் மட்டும் வர வேண்டும். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 74 டாக்டர்களை வைத்து ஒன்பது மாதம் நடத்திய ஒரு முயற்சியின் உயிர்நாடி இதுதான். இரண்டு வாரத்துக்கு ஒரு மணி நேரத்தை நிர்வாகமே வேலை நேரத்திலிருந்து எடுத்துக் கொடுத்தது. அதில் டாக்டர்கள் சின்னச் சின்னக் குழுக்களாக உட்கார்ந்து தங்கள் வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். நோயாளியிடமிருந்து மனசு விலகிப்போவது குறைந்தது. அந்தப் பலன் பிறகு ஒரு வருடம் வரைக்கும் நின்றது. நேரத்தைக் கொடுத்துவிட்டு வைத்தால் எந்த வகுப்பும் நல்ல வகுப்புதான். எங்களுக்கு இது பட்டியலில் கடைசி.

பேச ஓர் ஆள்

கவுன்சிலர் விஷயம் அப்படியல்ல. இது கட்டாயம் வேண்டும், ஆனால் எப்படி வைக்கிறோம் என்பதில் எல்லாமே இருக்கிறது.

2020 ஏப்ரலில், நியூயார்க்கில் வேலை பார்த்த லோர்னா பிரீன் என்ற அவசர சிகிச்சை டாக்டர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். கொரோனாவின் முதல் அலையில் இடைவிடாமல் வேலை பார்த்து, தானும் நோயில் விழுந்து எழுந்தவர். மனநலச் சிகிச்சை எடுத்தது தெரிந்தால் மருத்துவ உரிமமே போய்விடும் என்று அவர் பயந்ததாகக் குடும்பத்தினர் சொன்னார்கள். 2022 மார்ச்சில் அவர் பெயரிலேயே அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. நம் ஊரில் உரிமத்தைப் பற்றிய பயம் அவ்வளவு இல்லை. இங்கே பயம் வேறு: மனநல டாக்டரிடம் போனாள் என்று ஹாஸ்டலில் தெரிந்தால் ஊருக்குத் தெரியும், ஊருக்குத் தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியும். மருத்துவமனைக்குள்ளேயே, எச்.ஆர். அறைக்குப் பக்கத்தில் ஓர் அறையில் கவுன்சிலரை உட்கார வைத்தால் யாரும் அந்தக் கதவைத் தட்டமாட்டார்கள்.

பிரிட்டனில் 2008-ல் டாக்டர்களுக்கென்றே தொடங்கிய சேவை ஒன்று இருக்கிறது. வேலை பார்க்கும் மருத்துவமனைக்குச் சொல்லாமலே டாக்டர் நேராக அங்கே போகலாம். நாமும் அதையே சின்ன அளவில் செய்யலாம். பக்கத்து நகரத்தில் உள்ள ஒரு மனநல நிபுணருடன் பேசி வைத்துக்கொண்டு, பெயர் இல்லாமல், எத்தனை சந்திப்பு என்ற எண்ணிக்கையை மட்டும் வாங்கிப் பணம் கட்டலாம். மத்திய அரசின் டெலி மனஸ் உதவி எண் 14416, 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. இரவும் பகலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், செலவில்லை. இந்த எண்ணை நோட்டீஸ் போர்டில் ஒட்டாமல், ஊழியர்களின் கழிவறைக் கதவின் உள்பக்கம் ஒட்டினோம். யாரும் பார்க்காத இடத்தில் நின்று குறித்துக்கொள்ளலாம்.

இதற்கு ஓர் அவசரக் காரணமும் இருக்கிறது. தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024-ல் கொடுத்த அறிக்கையில், இணையவழிக் கணக்கெடுப்பில் பதில் சொன்ன முதுநிலை மருத்துவ மாணவர்களில் 31 சதவீதத்தினர் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொல்லியிருந்தார்கள். பதில் சொன்னவர்கள் மட்டும்தான் என்றாலும், ஏறக்குறைய மூன்றில் ஒருவர் என்பது என்னைத் தூங்கவிடாத எண். அந்த நிலையில் இருக்கும் ஒருவரிடம் போய், டியூட்டி சார்ட்டை மூன்று மாதத்தில் சரிசெய்கிறோம் என்று சொல்ல முடியாது. அவருக்கு இன்று ராத்திரி ஆள் வேண்டும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று, சக ஊழியர்களே துணை நிற்பது. மருந்தில் தவறு நடந்துவிட்டது, அல்லது குழந்தை ஒன்று கண்ணெதிரே போய்விட்டது. அந்த நேரத்தில் டியூட்டியில் இருந்த நர்ஸும் டாக்டரும் என்ன ஆகிறார்கள்? ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் வூ 2000-ல் அவர்களை ‘இரண்டாவது பாதிக்கப்பட்டவர்’ என்று அழைத்தார். பிறகு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், பயிற்சி பெற்ற சக ஊழியர்கள் எந்நேரமும் கூப்பிட்டால் வந்து பக்கத்தில் உட்காரும் ஏற்பாடு ஒன்று 2011-ல் தொடங்கியது. இதில் கட்டடம் இல்லை, கருவி இல்லை. ஆறேழு பேருக்குப் பயிற்சி மட்டும்தான் செலவு. நம் மருத்துவமனைகளில் இதற்குக் குறுக்கே நிற்பது பணமில்லை, மெமோதான். காலையில் தவறு நடந்தால் மதியத்துக்குள் நர்ஸ் கையில் மெமோ வந்துவிடும். ஒரு கையில் மெமோவைக் கொடுத்துவிட்டு இன்னொரு கையால் தட்டிக்கொடுத்தால் யாரும் நம்பமாட்டார்கள். முதல் 72 மணி நேரத்துக்கு மெமோ கிடையாது, நடந்ததை மட்டும் கேட்டு எழுதிக்கொள்வோம் என்று ஒரு விதி போடச் சொன்னேன். நிர்வாகம் முதலில் தயங்கியது, பிறகு ஒத்துக்கொண்டது. எங்கள் எல்லாத் தீர்மானங்களிலும் எனக்கு மிகவும் பிடித்தது இது. ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

டியூட்டி சார்ட்

இனி, முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும்.

30 படுக்கை உள்ள ஒரு வார்டு. காலையில் 5 நர்ஸ், மாலையில் 5, இரவில் 4. ஆளுக்கு ஆறிலிருந்து எட்டு நோயாளி வரை வரும். ஒரு நாளைக்கு 14 டியூட்டி, வாரத்துக்கு 98. ஒரு நர்ஸ் வாரத்தில் 6 டியூட்டி பார்த்தால் 98-ஐ 6-ஆல் வகுத்து 16 பேர் போதும் என்று நிர்வாகம் கணக்குப் போடும். தப்பே இல்லாத வகுத்தல். ஆனால் அந்த 16 பேரும் வருடம் முழுக்கக் காய்ச்சல் வராமல், அக்கா கல்யாணத்துக்குப் போகாமல், பிள்ளைப்பேறு இல்லாமல், தீபாவளிக்கு ஊருக்குப் போகாமல் இருந்தால்தான் அது சரியாக வரும். விடுப்புக்கு ஈடாக 30 சதவீதம் கூடுதல் ஆள் வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் சொல்லும் கணக்கு. அப்படிப் பார்த்தால் 21 பேர். அந்த ஐந்து பேர் இல்லாத இடத்தில்தான் டபுள் டியூட்டி பிறக்கிறது. ஒருத்தி சிக் லீவ் போட்டால், மாலை டியூட்டி முடித்தவள் நைட்டும் பார்க்கிறாள். அவள் இரண்டு நாளில் படுத்துவிடுகிறாள். அவளுக்குப் பதில் இன்னொருத்தி.

எங்கள் மருத்துவமனையில் வேலையை விட்டுப் போனவர்களின் கடைசி மூன்று மாத சார்ட்டை எடுத்து வைத்துப் பார்த்தேன். டபுள் டியூட்டி சிவப்பு மையில் எழுதுவது எங்கள் வழக்கம். அந்தப் பெயர்களுக்கு நேரே சிவப்பு, சிவப்பு, சிவப்பு. சார்ட்டைப் போட்டது நான்தான். ‘நல்லா வேலை செய்யற பொண்ணு, மறுத்துப் பேசமாட்டா’ என்று அவர்களையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறேன்.

ஆள் எண்ணிக்கை பற்றி உலகத்தில் தெளிவான சான்று இருக்கிறது. 2002-ல் நர்சிங் ஆய்வாளர் லிண்டா எய்கனும் அவருடைய குழுவினரும் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளில் 10,184 நர்ஸ்களிடம் கேட்டு ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு நர்ஸிடம் ஒரு நோயாளி கூடும்போது நர்ஸுக்குப் பணிச்சோர்வு வரும் வாய்ப்பு 23 சதவீதமும், அறுவை சிகிச்சை நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதமும் கூடியிருந்தன. நர்ஸின் களைப்பும் நோயாளியின் உயிரும் ஒரே அட்டவணையில் இருந்தன. கலிஃபோர்னியா 1999-ல் சட்டம் இயற்றி, 2004 முதல் ஒரு நர்ஸுக்கு இத்தனை நோயாளிதான் என்று கட்டாயமாக்கியது; ஐ.சி.யு.வில் ஒரு நர்ஸுக்கு இரண்டு பேருக்கு மேல் கூடாது.

டாக்டர்கள் பக்கம் கதை கொஞ்சம் சிக்கல். 1984-ல் நியூயார்க்கில் லிபி ஸயான் என்ற 18 வயதுப் பெண் மருத்துவமனையில் சேர்ந்த சில மணி நேரத்தில் இறந்தாள். அவளைப் பார்த்த பயிற்சி டாக்டர்கள் எத்தனை மணி நேரமாக விழித்திருந்தார்கள் என்ற கேள்வி எழுந்தது. 1989-ல் அந்த மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு போட்டது, 2003-ல் அது நாடு முழுக்க வந்தது. 2011-ல் முதல் வருட டாக்டருக்கு ஒரே மூச்சில் 16 மணி நேரம்தான் என்று இன்னும் இறுக்கினார்கள். 2017-ல் அதைத் தளர்த்திவிட்டார்கள். அறுவை சிகிச்சைத் துறைகளில் நடந்த பெரிய சோதனை ஒன்றில், கடுமையான வரம்பு இருந்த இடத்துக்கும் தளர்வாக இருந்த இடத்துக்கும் நோயாளிகளின் முடிவுகளிலோ டாக்டர்களின் ஒட்டுமொத்தத் திருப்தியிலோ பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இதைக் காட்டி, நேரத்தைக் குறைத்துப் பலனில்லை என்று சிலர் சொல்வதுண்டு. எனக்குப் படுவது வேறு. 24 மணி நேர வேலையை 16 மணி நேரத்துக்குள் திணித்தால் களைப்பு எப்படிக் குறையும்? வேலையைப் பகிர்ந்துகொள்ள இன்னொருவர் வேண்டும்.

நம் நாட்டில் முதுநிலைப் பயிற்சி டாக்டர்களுக்காக 1992-ல் வந்த மத்திய ரெசிடென்சி திட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம், தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று சொன்னது. 32 வருடம் கழித்து, 2024-ல் அதே தேசிய மருத்துவ ஆணையப் பணிக்குழு 74 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்று பரிந்துரைத்தது. 48-ஐச் சட்டை செய்யாமல் வேலை வாங்கிய காலம் போய், 74 கிடைத்தாலே போதும் என்று கேட்கும் நிலைக்கு வந்திருக்கிறோம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

சரி, செலவு? ஒரு நர்ஸுக்கு மாதம் 20,000 சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. சேர்த்து 22,600 என்று வையுங்கள். ரிலீவர்கள் நான்கு பேரை எடுத்தால் வருடத்துக்கு 10 லட்சத்து 85 ஆயிரம். ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதி இங்கேயே போய்விடும். வருடா வருடம் போகும், நிறுத்த முடியாது. நிர்வாகம் தயங்கியதும் அதனால்தான். நான் வைத்த எதிர்க்கணக்கு இது: ஒரு ஐ.சி.யு. நர்ஸ் போனால் புதிதாக வருபவள் தனியாக நோயாளியைப் பார்க்க மூன்று மாதம் ஆகிறது. அந்த மூன்று மாதமும் சம்பளம் இரண்டு பேருக்கு, வேலை ஒருவர் அளவு. ஒன்பது பேர் போனதற்கு நாம் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டோம், எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எழுதாமல்.

இந்த வழிக்கு ஓர் ஆபத்தும் உண்டு. ரிலீவர் என்று எடுத்த நான்கு பேரையும் இரண்டு மாதத்தில் காலியிடங்களில் நிரந்தரமாகப் போட்டுவிடுவார்கள். அப்புறம் பழைய கதைதான். அதனால் ரிலீவர்களின் சார்ட்டைத் தனியாக வைத்தோம். அதில் கைவைக்க வேண்டுமென்றால் நிர்வாக இயக்குநரின் கையெழுத்து வேண்டும்.

பேனா

எழுத்து வேலையைக் குறைப்பதுதான் எனக்கே ஆச்சரியம் தந்த பகுதி. இதில்தான் செலவே இல்லாமல் நேரம் திரும்பி வந்தது.

ஹவாய் தீவுகளில் ஒரு மருத்துவமனைக் குழுமம் 2017 அக்டோபரில் தன் ஊழியர்களிடம், கணினியில் நீங்கள் பதிவு செய்வதில் எது வீண் வேலை என்று கேட்டது. வளர்ந்த பிள்ளைகளைப் பார்க்கும் ஒரு நர்ஸ், தன் நோயாளிகளுக்கும் தொப்புள்கொடி எப்படி இருக்கிறது என்ற வரி வந்து நிற்பதைச் சுட்டிக்காட்டினார். பச்சைக் குழந்தைக்கு மட்டும் இருக்க வேண்டிய வரி அது. மணிக்கு ஒருமுறை நோயாளியைப் பார்த்தேன் என்று பதிவதற்கான ஒரு க்ளிக்கை எடுத்துவிட்டார்கள். ஒருமுறைக்கு 24 விநாடிதான். நான்கு மருத்துவமனைகளிலும் சேர்த்து மாதத்துக்கு ஏறக்குறைய 1,700 நர்ஸ் மணி நேரம் மிச்சமானது.

எங்களிடம் இன்னும் பாதி காகிதம்தான். ஒரு நோயாளியின் பி.பி.யை எங்கெல்லாம் எழுதுகிறோம் என்று ஒரு நாள் எண்ணிப் பார்த்தோம். காய்ச்சல், நாடித்துடிப்பு, மூச்சு எழுதும் டி.பி.ஆர். சார்ட், நர்ஸ் நோட்ஸ், ஹேண்ட்ஓவர் நோட்டு, டாக்டர் ரவுண்ட்ஸுக்கான தாள், கணினி என்று ஐந்து இடம். மருத்துவமனைத் தரத்துக்கான என்.ஏ.பி.ஹெச். அங்கீகாரத்துக்கு வேண்டும் என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். விதிப்புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தால் அது பதிவு இருக்க வேண்டும் என்கிறது, ஐந்து தடவை எழுதச் சொல்லவில்லை. ஒவ்வொரு ஆய்வுக்கு முன்னாலும் யாரோ ஒருவர் பயந்துபோய் ஒரு படிவத்தைச் சேர்த்திருக்கிறார். ஆய்வு முடிந்து எடுக்கத்தான் ஆளில்லை.

டாக்டர்களுக்கு டிஸ்சார்ஜ் சம்மரியும், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கும் தனியார் இன்சூரன்ஸுக்கும் அனுப்ப வேண்டிய தாள்களும். அமெரிக்காவில் 2016-ல் வந்த ஓர் ஆய்வு, டாக்டர் நோயாளியோடு நேரடியாகச் செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கணினியிலும் மேசை வேலையிலும் போகிறது என்று கண்டது. இங்கே அந்த அளவு இருக்காது. ஆனால் இரவு 11 மணிக்கு டியூட்டி டாக்டர் உட்கார்ந்து எழுதுவது பெரும்பாலும் மருத்துவம் இல்லை என்பதை நான் தினமும் பார்க்கிறேன்.

ஐந்து இடத்தை இரண்டாக்கினோம். இன்சூரன்ஸ் தாள்களை நிரப்ப பில்லிங் பிரிவிலிருந்து ஒருவரை மாற்றிவிட்டோம். டாக்டர் படித்துப் பார்த்துக் கையெழுத்து மட்டும் போடுகிறார். பேசி எழுதவைக்கும் மென்பொருள் வாங்கலாம் என்று ஒரு விற்பனையாளர் வந்தார். தேவையில்லாத படிவத்தை வேகமாக நிரப்ப ஒரு கருவி எதற்கு என்று இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். முழுக்கக் கணினிக்கு மாறிய பெரிய மருத்துவமனை என்றால் அதைத் தீவிரமாகப் பார்க்கலாம்.

கதவும் கட்டிலும்

2024 ஆகஸ்ட் 9. கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் நீண்ட டியூட்டிக்கு நடுவில் கொஞ்சம் ஓய்வெடுக்கப் போன முதுநிலைப் பயிற்சி டாக்டர், கருத்தரங்கு அறையில் கொல்லப்பட்டார். உச்ச நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்துத் தேசியப் பணிக்குழு அமைத்தது. அதே வருடம் நவம்பர் 13-ல் சென்னை கிண்டியில் அரசு உயர் சிறப்பு மருத்துவமனையில் புற்றுநோய் டாக்டர் ஒருவரை, நோயாளியின் மகன் கத்தியால் குத்தினார். மருத்துவமனை ஊழியர்களைத் தாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. நடந்த பிறகு தண்டிக்க அது உதவும். ராத்திரி ஒரு மணிக்கு ஐ.சி.யு. வாசலில் நோயாளியின் ஆட்கள் 20 பேர் நிற்கும்போது உள்ளே இருக்கும் இரண்டு பெண்களுக்குத் தேவை பூட்டக்கூடிய கதவும், அதற்கு வெளியே நிற்கும் ஆளும்.

பாதுகாப்பும் பணிச்சோர்வும் வேறு வேறு என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அப்படி இல்லை. எந்த நேரமும் யாராவது கத்துவார்கள், அடிப்பார்கள் என்று தோளை இறுக்கிக்கொண்டு 12 மணி நேரம் நிற்பதே ஒரு வேலை. நைட்டில் ஒரு நோயாளிக்குத் துணையாக ஒருவர்தான், அவருக்கு ஒரு பாஸ் என்பதைக் கறாராக்கினோம். மோசமான செய்தி சொல்ல வேண்டியிருந்தால் டியூட்டி டாக்டரைத் தனியாக விடாமல் கன்சல்டன்ட் நேரில் வர வேண்டும் என்றும் முடிவு செய்தோம். இரண்டாவதற்கு எதிர்ப்பு இருந்தது. இன்னும் முழுசாக நடக்கவில்லை.

அப்புறம் கட்டில். இங்கிலாந்தில் 2019-ல் இளம் டாக்டர்களின் ஓய்வறைகளுக்கென்றே ஒரு கோடி பவுண்டு ஒதுக்கினார்கள். நாங்கள் பழைய ரெக்கார்டு அறையைக் காலி செய்து, உள்ளிருந்து தாழ் போடும்படி கதவு மாட்டி, நான்கு கட்டில் போட்டோம். கழிவறையோடு சேர்த்து ஒரு லட்சத்து 60 ஆயிரம் ஆனது. நைட்டில் ஆளுக்கு 40 நிமிடம், மாற்றி மாற்றி. நைட் ஷிஃப்டில் தூங்கலாமா என்று சிலர் முகம் சுளித்தார்கள். காலையில் ஸ்கூட்டியில் 15 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவள் அந்த 40 நிமிடத்தால் உயிரோடு போய்ச் சேர்வாள் என்றேன்.

எப்படிப் பிரித்தோம்

நான்கு ரிலீவர்களுக்கு 10.85 லட்சம். ஓய்வறைக்கு 1.6 லட்சம், ஒரே முறை. வெளி மனநல நிபுணருக்கு ஒரு லட்சம். சக ஊழியர் துணைக்குப் பயிற்சி 40,000. யோகாவுக்கு இந்த வருடம் ஒன்றுமில்லை; கேட்டவர்களிடம், ரிலீவர்கள் வந்து டியூட்டி நேரத்தில் ஒரு மணி நேரத்தை விடுவிக்க முடிந்தால் அடுத்த வருடம் நானே முன்மொழிகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

எல்லாருக்கும் இந்த வரிசை பொருந்தாது. 20 படுக்கை உள்ள நர்சிங் ஹோமுக்கு நான்கு ரிலீவர் கட்டுப்படியாகாது. அவர்கள் பேனாவில் தொடங்கலாம், பிறகு பக்கத்து நர்சிங் ஹோமோடு சேர்ந்து ஒரு ரிலீவரைப் பகிர்ந்துகொள்ளலாம். அரசு மருத்துவமனையில் பணியிடத்தை உருவாக்குவது கண்காணிப்பாளர் கையில் இல்லை. ஆனால் ஓய்வறைக் கதவும், மெமோவுக்கு 72 மணி நேரமும், நைட்டில் பாஸும் அவர் கையில்தான் இருக்கின்றன. மருத்துவக் கல்லூரி என்றால் நான் கவுன்சிலிங்கை முதலிடத்துக்குக் கொண்டுவருவேன், அந்த 31 சதவீதத்துக்காக. அடிதடி நடந்து ஒரு மாதம்கூட ஆகாத இடத்தில் பாதுகாப்பைத் தவிர வேறு எதைப் பேசினாலும் ஊழியர்கள் காதில் ஏறாது.

மிச்சம் 1,15,000 ரூபாய் இருந்தது. அதை என்ன செய்யலாம் என்று நைட் டியூட்டிக்காரர்களிடமே கேட்டேன். கேன்டீன் 9 மணிக்கு மூடிவிடுகிறது, ராத்திரி இரண்டு மணிக்குச் சூடாக ஏதாவது வேண்டும் என்றார்கள். இப்போது ஒருவர் 2 மணிக்கு இட்லியும் சுக்குக் காப்பியும் எடுத்துக்கொண்டு வார்டு வார்டாக வருகிறார். போன வாரம் அந்த ஐ.சி.யு. பெண் போன் செய்தாள். பெங்களூரில் இருக்கிறாளாம். “அங்க ரிலீவர் போட்டுட்டீங்களாமே மேடம்” என்றாள். சார்ட்டை எடுத்துப் பார்த்து, இந்த மாதம் இதுவரை சிவப்பு மை இரண்டே இடத்தில்தான் இருக்கிறது என்று சொன்னேன்.